கல்லைச் சுற்றி வர ஒரு வெள்ளிக்கிழமை

(சென்னையில் சிற்பக்கலை மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சிற்பத்தைப் பற்றிப் பேச வந்தவர் திரையில் காட்ட ஒரு படம்கூடக் கொண்டுவரவில்லையே என்று சற்று முன்னால் ஒரு மாணவி கேட்டார். வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவாலங்காட்டில் கிடைத்த நடராசர் செப்புத்திருமேனி நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பற்றிப் பிரெஞ்சுச் சிற்பி ரொதான் 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1921இல் அது அச்சில் வந்தது. ஒரு சிற்பியின் கண் இன்னொரு சிற்பியின் கைவேலையை எவ்வளவு ஆசையோடு தடவிப் பார்க்கும் என்பதற்கு அந்தக் கட்டுரை சான்று. ஆனால் ரொதான் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்தத் திருமேனியை நேரில் பார்த்ததும் இல்லை. புகைப்படங்களைத்தான் பார்த்தார். அதன் பின்பக்கம் போய் நின்று, முதுகின் வளைவு எங்கே தொடங்கி எங்கே இடுப்பில் அடங்குகிறது என்று பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இன்று நான் படம் காட்டினால் உங்களையும் அந்த நிலைமையில்தான் நிறுத்துவேன்.

சிற்பத்தை நெருங்க வேண்டும், விலக வேண்டும், குனிய வேண்டும், மறுபக்கம் போக வேண்டும். காலை வெயிலில் ஒரு தடவை, வெயில் சாய்ந்த பிறகு ஒரு தடவை பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் அவகாசம் தேவை. அவகாசத்துக்கும் நுழைவுச்சீட்டுக்கும் ஓர் உறவு உண்டு. இன்று நான் பேச வந்தது அந்த உறவைப் பற்றித்தான். அதற்கு எனக்கு நன்கு பழகிய ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

நியூயார்க் மாநகரத்தின் குயின்ஸ் பகுதியில், ஈஸ்ட் ரிவர் ஆற்றங்கரையை ஒட்டி லாங் ஐலண்ட் சிட்டி என்றொரு வட்டாரம் இருக்கிறது. தொழிற்கூடங்களும் கிடங்குகளுமாக வளர்ந்த இடம். ரயிலில் பிராட்வே நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கமாக நடந்தால், கிரேக்கம், ஸ்பானிஷ், அரபு, வங்காளம் எல்லாம் தெருவிலேயே காதில் விழும். தெற்கே பார்த்தால் மின்நிலையத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட புகைபோக்கிகள். நடக்கிற தூரத்தில் ரேவன்ஸ்வுட், குயின்ஸ்பிரிட்ஜ் என்னும் அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்புகள்; ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. வெர்னான் புலவாரில் ஒரு பெரிய காஸ்ட்கோ கடை. அதற்குப் பக்கத்தில் ஒரு செங்கல் கட்டடம். ஒரு காலத்தில் அச்சகங்களுக்குப் பிளாக் செய்து கொடுத்த தொழிற்கூடம் அது. இன்று நோகுச்சி அருங்காட்சியகம்.

இசாமு நோகுச்சி 1904இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். தகப்பனார் யோனே நோகுச்சி ஜப்பானியக் கவிஞர்; தாயார் லியோனி கில்மர் அமெரிக்க எழுத்தாளர். இளம்பருவம் ஜப்பானில் கழிந்தது. 1927இல் பாரிஸில் சிற்பி பிரான்குசியின் பட்டறையில் உதவியாளராக வேலை பார்த்தார். 1935 முதல் நாட்டியக் கலைஞர் மார்த்தா கிரஹாமுக்கு மேடை அமைத்துக் கொடுத்தார். மூங்கிலும் காகிதமுமாக அவர் செய்த 'அகாரி' விளக்குகளின் நகல்களை நம் ஊர்க் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இன்னொரு செய்தி.

1949இல் பாலிங்கன் அறக்கட்டளை அவருக்கு ஒரு நல்கை கொடுத்தது. அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் ஓய்வு. வேலை முடிந்த மனிதர்கள் கூடி இருக்கும் இடம் எப்படி அமைய வேண்டும், அதற்கும் சமூகத்துக்கும் என்ன உறவு என்பது கேள்வி. இந்தக் கேள்வியோடு ஐரோப்பாவைப் பார்த்துவிட்டு இந்தியாவுக்கு வந்தார், தென்கிழக்கு ஆசியா வழியாக ஜப்பான் வரை போனார். ஜெய்ப்பூரிலும் தில்லியிலும் ஜந்தர் மந்தரை விடாமல் புகைப்படம் எடுத்தார். வானத்தை அளக்கக் கட்டிய அந்தப் படிக்கட்டுகளை, மனிதர்கள் ஏறி இறங்கும் சிற்பமாக அவர் பார்த்தார். எழுதுவதாக இருந்த புத்தகம் எழுதப்படவே இல்லை. அதை அவர் கல்லாலும் மண்ணாலும் எழுதினார் என்பது என் கருத்து.

1974இல் தன் பட்டறைக்கு எதிரே இருந்த அந்தச் செங்கல் கட்டடத்தை வாங்கினார். 1985இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது எண்பது. தன் வேலைகளைத் தானே தேர்ந்து, எந்தக் கல் எந்த வெளிச்சத்தில் நிற்க வேண்டும் என்று தானே முடிவுசெய்து, உயிரோடு இருக்கும்போதே ஒரு சிற்பி திறந்த அருங்காட்சியகம். 1988இல் அவர் இறந்தார். கீழ்த்தளத்தில் அவர் வைத்த கற்கள் பெரும்பாலும் அவர் வைத்த இடத்திலேயே நிற்கின்றன.

உள்ளே போனதும் இருக்கும் முதல் கூடம் பாதி வீடு, பாதி வெட்டவெளி. கூரையில் ஒரு பகுதி திறந்திருக்கிறது. அதன் வழியாக மரங்கள் மேலே போகின்றன. மழை வந்தால் மழை, பனி விழுந்தால் பனி. கற்களுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை கிடையாது. தலைப்பு, ஆண்டு, விளக்கம் எதுவுமே சுவரில் இல்லை. பெயர் தெரிய வேண்டும் என்றால் கையேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். அருங்காட்சியகங்களில் நம்மில் பலர் பலகையை முக்கால் நிமிடம் படித்துவிட்டுச் சிற்பத்தைக் கால் நிமிடம் பார்க்கிறோம். இங்கே படிக்க ஒன்றுமில்லாததால் கண் கல்லுக்குத்தான் போயாக வேண்டும்.

அந்தக் கற்கள் பெரும்பாலும் ஜப்பானிய பசால்ட், எரிமலைப் பாறை. வெளியே வெயிலும் மழையும் பட்டுப் பட்டுப் பழுப்பேறிய தோல், உள்ளே கரும்சாம்பல். நோகுச்சி அந்தத் தோலை முழுக்க உரித்துவிட மாட்டார். ஒரு பக்கத்தில் அப்படியே விட்டிருப்பார். இன்னொரு பக்கத்தில் பொளிந்திருப்பார். உளியின் ஒவ்வொரு கொத்தும் தெரியும். அதற்கு அடுத்த ஒரு சாண் இடத்தை முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றியிருப்பார். ஒரே கல்லில் மூன்று நிலைகள். சில கற்களின் விளிம்பில் வரிசையாக அரைத்துளைகள் தெரியும். பாறையில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு அடித்துப் பிளந்த தடம் அது. அந்தத் தடத்தை அழிக்காமல் விட்டுவிட்டார், கல் எப்படித் தன் தாய்ப்பாறையிலிருந்து பிரிந்து வந்தது என்பதும் சிற்பத்தின் பகுதிதான் என்பதுபோல. மாமல்லபுரத்தில் பாறைகள் மேல் நடந்தவர்களுக்கு இந்தத் தடம் புதிதாக இராது. ஆப்புக்காக வெட்டிய குழிகள் வரிசை வரிசையாக அங்கே இன்னும் இருக்கின்றன. பிளக்கத் தொடங்கிவிட்டுப் பாதியில் விட்ட பாறைகளும் உண்டு. குயின்ஸில் அந்த விளிம்பைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவில் வந்தது கடற்கரைக் கோயில் கூட இல்லை, அந்தக் குழிகள்தான்.

அந்தத் தொகுப்பில் ஒரு பசால்ட் கல்லுக்குச் சிவனின் ஆட்டத்தை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்.  கை கால் இல்லை, தூக்கிய திருவடி இல்லை, சுடர் வட்டம் இல்லை. நம் கண் பழகிய எதுவும் அதில் இல்லை. முதலில் பார்க்கும்போது, பெயருக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றும். சுற்றி வாருங்கள். ஒரு பக்கத்தில் கல் தன் கனத்தோடு நிற்கும். இரண்டு அடி நகர்ந்தால் அதே கல் சாயத் தொடங்கும். ஆட்டம் கல்லிலா, நடக்கிற நம்மிடமா என்ற கேள்வி அப்போதுதான் வரும். நின்ற இடத்தில் நின்றவருக்கு அது கடைசிவரை வெறும் கல்தான்.

கூடத்தைக் கடந்தால் தோட்டம். சின்னத் தோட்டம்தான். கூழாங்கல் பாதை, கருங்குமிழ்போல் பெரிய கற்கள், பைன், செர்ரி, மக்னோலியா. நடுவே 'கிணறு' என்று பெயரிட்ட ஒரு கல், 1982இல் செய்தது. கோயில்களுக்கும் தேநீர் இல்லங்களுக்கும் முன்னால் கை கழுவ ஜப்பானியர் வைக்கும் கல்தொட்டியை மனத்தில் வைத்துச் செய்தது. உயரமான கல்லின் உச்சியை வட்டமாக வெட்டி மெருகேற்றி, அடியிலிருந்து தண்ணீரை மேலே வரவிட்டிருக்கிறார். தண்ணீர் பீறிடாது, கொட்டாது. மேலே வந்து, கல்லின் விளிம்பு மட்டத்தில் கண்ணாடித் தகடுபோல் நிற்கும். பிறகு நான்கு பக்கமும் கல்லின் தோலோடு ஒட்டிக்கொண்டு வழியும். வழிகிறதா இல்லையா என்பதே சட்டென்று தெரியாது. மெருகிட்ட இடத்தில் தண்ணீர் வேகமாகவும், பொளிந்த இடத்தில் மெதுவாகவும் இறங்குகிறது. கல் முழுக்க நனைந்திருப்பதால் பழுப்பும் சாம்பலும் ஒரே கருமையாகிவிடும். ஒரு பக்கம் காற்றுப்பட்டுக் காய்ந்தால் அங்கே மட்டும் பழைய நிறம் எட்டிப்பார்க்கும். இதைப் பார்க்கக் கால்மணி நேரமாவது அங்கே உட்கார வேண்டும்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். வழக்கமான நாட்களில் அந்த அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் இலவசம். குடும்பங்களுக்கான பட்டறைகள், தோட்டத்தில் இசை என்று அக்கம்பக்கத்து மக்களுக்கான நிகழ்ச்சிகளும் ஆண்டு நெடுக உண்டு. நான் கட்டணம் கொடுத்தும் போயிருக்கிறேன், இலவச வெள்ளிக்கிழமையிலும் போயிருக்கிறேன். இரண்டு நாளும் கற்கள் ஒன்றுதான். பார்க்கிறவர்களின் நடை மட்டும் வேறாக இருக்கிறது.

கட்டணம் கொடுத்து வந்தவர்கள் எல்லாக் கூடத்துக்கும் போகிறார்கள். கொடுத்த பணத்துக்கு ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் நியாயமானது. நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணம் காலை நிற்கவிடுவதில்லை. ஒரு சிற்பத்திலிருந்து அடுத்ததற்கு, மேல்தளத்துக்கு, கடைக்கு, வாசலுக்கு. இலவச நாளில் வந்தவருக்கு அந்தக் கணக்கு இல்லை. அடுத்த மாதமும் வரலாம் என்று தெரிந்தவர் இன்று ஒரு கல்லோடு இருந்துவிட்டுப் போகலாம். ஊர்க் குளத்தின் படித்துறையில் உட்கார்ந்திருப்பவர் முழுக் குளத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பதில்லை அல்லவா? அந்த மாதிரி ஓர் இருப்பு இலவச நாளில் அந்தத் தோட்டத்துக்கு வந்துவிடுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டட வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸோடு ஒருவர் வந்திருந்தார். கூடவே ஏழெட்டு வயதுப் பையன். அவர் சிற்பத்தைத் தூர நின்று பார்க்கவே இல்லை. நேரே ஒரு கல்லின் விளிம்புக்குப் போனார். குனிந்து அந்த அரைத்துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மகனை அழைத்து, ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக்கொண்டே, ஒரு கையை ஆப்பாகவும் இன்னொரு கையைச் சுத்தியலாகவும் வைத்து அடித்துக் காட்டினார். ஒரே அடியில் பிளக்காது, ஒவ்வோர் ஆப்பாக மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போக வேண்டும், கல்லின் சத்தம் மாறும்போது நிறுத்த வேண்டும் என்று காதைத் தொட்டுக் காட்டினார். பையன் கல்லோடு காதை ஒட்டப்போனான். காவலர் புன்னகையோடு தடுத்தார். அவனோ விடாமல், தந்தை காட்டிய தட்டலைக் காற்றில் அடித்துப் பார்த்துக்கொண்டே அந்தக் கல்லைச் சுற்றி வந்தான். அந்தக் கூடத்தில் அன்று இருந்தவர்களிலேயே அந்தக் கல்லை மிகச் சரியாகப் படித்தவர் அந்தத் தந்தைதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கலைவிமர்சகர்களுக்கு அந்தத் துளை ஓர் அழகியல் முடிவு. அவருக்கு அது ஒருவர் செய்த வேலை. இரண்டும் உண்மைதான். இரண்டாவது உண்மையைச் சொல்லக்கூடியவர்கள் அந்தக் கூடத்துக்குள் வர ஒரு வெள்ளிக்கிழமை வேண்டியிருந்தது.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரியவர்களாகிய நாம் சிற்பத்தின் முகப்பைத் தேடுவோம். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரியாவிட்டால் சங்கடப்படுவோம். குழந்தைக்கு அந்தச் சங்கடமே இல்லை. அது குனிந்து அடியில் பார்க்கும். துளையிருந்தால் அதன் வழியாக அந்தப் பக்கம் நிற்கும் அம்மாவைப் பார்க்கும். நோகுச்சியின் வளையங்களும் வெற்றிடங்களும் அப்படிப் பார்க்கத்தான் இருக்கின்றன. குடும்பப் பட்டறையில் களிமண்ணோ காகிதமோ கொடுத்து எதையாவது செய்யச் சொல்வார்கள். செய்து முடித்த குழந்தை மறுபடி கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். தன் கையில் ஒரு பொருள் சாயாமல் நிற்க மறுத்த பிறகு, அவ்வளவு பெரிய கல் எப்படிச் சாயாமல் நிற்கிறது என்ற கேள்வி அதற்கு உண்மையான கேள்வியாகிவிடுகிறது.

எல்லா இலவச நாளும் இப்படி நல்லதாக அமைந்துவிடாது. ஒலிபெருக்கி, உணவுக்கடை, பரிசுப்போட்டி என்று விழாவைப் பெரிதாக்கி, சிற்பத்தைப் படம் எடுத்துக்கொள்ளும் பின்னணியாக ஆக்கிவிட்ட நாட்களையும் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். வேறு சில இடங்களில் இலவசம் என்று அறிவித்துவிட்டு, பல நாள் முன்னதாக இணையத்தில் பதிவுசெய்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு நிபந்தனை வைத்துவிடுகிறார்கள். அப்போது யாருக்காகக் கதவு திறந்ததோ அவர்களே வெளியே நிற்கிறார்கள். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவரைக் கல்லோடு தனியாக விட்டுவிடுகிற நாள்தான் என் கணக்கில் நல்ல நாள்.

நோகுச்சி வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு திறந்த இடத்துக்காகப் போராடினார். அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1933இல் 'விளையாட்டு மலை' என்று ஒரு திட்டம் போட்டார். நியூயார்க்கில் ஒரு முழு வீதிக்கட்டத்தையே படிகளும் சரிவுகளுமாக மேடாக்கி, கோடையில் தண்ணீர் வழியவும் பனிக்காலத்தில் குழந்தைகள் சறுக்கவும் விட வேண்டும் என்று. நகரப் பூங்காக்களைத் தன் கைக்குள் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் அதை நிராகரித்தார். 1950களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகள் சபை வளாகத்துக்காக ஒரு விளையாட்டுத் திடல் வரைந்தார். அதையும் மோசஸ் தடுத்தார். 1961இல் கட்டடக் கலைஞர் லூயி கானோடு சேர்ந்து ரிவர்சைடு பூங்காவுக்கு ஒரு திடல். லூயி கான் என்றால் அகமதாபாத்தின் ஐஐஎம் கட்டடத்தைக் கட்டியவர். இருவருமாக ஐந்து ஆண்டுகள் திருத்தித் திருத்தி வரைந்தார்கள். புதிய மேயர் வந்ததும் அதுவும் கைவிடப்பட்டது.

இதற்கு நடுவே 1942. போர்க்காலத்தில் மேற்குக் கரையோரத்து ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. நியூயார்க்கில் வாழ்ந்த நோகுச்சிக்கு அந்த ஆணை பொருந்தாது. இருந்தும் அவர் தாமாகவே அரிசோனாப் பாலைவனத்தில் இருந்த போஸ்டன் முகாமுக்குப் போனார். அடைபட்ட மக்களுக்குப் பூங்காவும் விளையாட்டுத் திடலும் நீச்சல்குளமும் அமைத்துக் கொடுக்க முடியும் என்று நம்பி வரைபடங்கள் போட்டார். எதுவும் கட்டப்படவில்லை. வெளியே வருவதற்கே அவர் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. முள்வேலிக்குள்ளும் மனிதர்களுக்கு ஒரு தோட்டம் வேண்டும் என்று நினைத்த அந்த மனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கடைசியில் ஜப்பானில் சாப்போரோ நகரம் அவரை அழைத்தது. நகரத்தின் குப்பையைக் கொட்டி மூடிய நிலத்தில் ஒரு பூங்கா. 1988இல் அதன் திட்டத்தை வரைந்தார். அந்த ஆண்டின் இறுதியிலேயே காலமானார். மற்றவர்கள் அவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். மோயெரெனுமா பூங்கா 2005இல் முழுமையடைந்தது. நியூயார்க் வேண்டாம் என்ற அந்த விளையாட்டு மலை அங்கே 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குழந்தைகள் ஏறுகிறார்கள், பனி விழுந்தால் சறுக்குகிறார்கள்.

குப்பைமேடு என்றதும் மறுபடி குயின்ஸுக்கு வர வேண்டியிருக்கிறது. நோகுச்சி அருங்காட்சியகத்திலிருந்து சில நிமிட நடையில், ஆற்றங்கரையில், சாக்ரடீஸ் சிற்பப் பூங்கா இருக்கிறது. அங்கே எந்த நாளும் இலவசம். சீட்டு கொடுக்கும் அறையே கிடையாது. 1986 வரை அது கள்ளத்தனமாகக் குப்பை கொட்டும் இடம். பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மார்க் டி சுவெரோ என்ற சிற்பி, மற்றக் கலைஞர்களையும் அக்கம்பக்கத்து மக்களையும் சேர்த்துக்கொண்டு அதைச் சுத்தம்செய்தார். டி சுவெரோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1960இல் சரக்கு லிஃப்ட் விபத்தில் அவர் முதுகெலும்பு நொறுங்கியது. மறுபடி எழுந்து நடந்தார், கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டு இரும்புத் தூலங்களால் பெரும் சிற்பங்கள் செய்தார். அந்த மனிதருக்கு ஒரு குப்பைமேட்டைப் பார்த்து மலைப்பு வந்திருக்காது. அப்பகுதியில் கிரேக்கர்கள் நிறைய வாழ்வதால் பூங்காவுக்குச் சாக்ரடீஸ் பெயர். இடையில் அந்த இடத்தில் சொகுசு அடுக்குமாடிகள் கட்டும் திட்டம் ஒன்று வந்தது. மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1998இல் அது நிரந்தர நகரப் பூங்காவானது.

அங்கே சிற்பங்கள் மாறிக்கொண்டே இருக்கும். கலைஞர்கள் அந்த மண்ணிலேயே செய்து நிறுத்துவார்கள். பார்ப்பவர்கள் வேலை நடக்கும்போதே சுற்றி நின்று பேசுவார்கள். கோடையில் திறந்தவெளி சினிமா. எதிரே ஆறு, ஆற்றுக்கு அப்பால் மன்ஹாட்டன். பக்கத்துக் குடா நீரில் தன்னார்வலர்கள் பொதுமக்களை இலவசமாகப் படகில் ஏற்றித் துடுப்புப் போட விடுவார்கள். அக்டோபரில் ஹாலோவீன் விழா. அலங்கரித்த நாய்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நோகுச்சியின் தோட்டத்தில் கிடைக்கும் அமைதி இங்கே கிடைக்காது. எனக்கு அந்தத் தோட்டம்தான் அதிகம் பிடிக்கும். ஆனால் இரண்டும் ஒரே தெருவில் இருப்பது அந்த வட்டாரத்துக்குக் கிடைத்த பேறு. இங்கே வந்து சத்தத்தோடு சிற்பத்தைப் பழகிய குழந்தை, ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போய் அமைதியோடு பார்க்கும்.

தோட்டத்து மரம் ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நோகுச்சி கட்டடத்தை வாங்கியபோதே அங்கே ஒரு மரம் நின்றது. சீனாவிலிருந்து வந்து, நியூயார்க்கின் சந்துபொந்து எங்கும் களையாக முளைக்கும் சாதி. தோட்டக்காரர்கள் மதிக்காத மரம். அவர் அதை வெட்டவில்லை. அதைச் சுற்றித்தான் தோட்டத்தைத் திட்டமிட்டார். மரம் வளர்ந்து, முதுமையடைந்து, 2008இல் அகற்ற வேண்டியதாயிற்று. டெட்ராய்ட்டில் இந்த வகை மரத்தை மட்டுமே வைத்து வேலை செய்யும் கலைஞர் குழு ஒன்று உண்டு. அவர்களை அழைத்து, அந்த மரத்தை உட்காரும் பெஞ்சுகளாகவும் வேறு பொருள்களாகவும் ஆக்கினார்கள். யாரும் விதைக்காமல் முளைத்த ஒன்றுக்கு ஒரு சிற்பி கொடுத்த இடம் அது.

இனி நம் பக்கம். நான் இவ்வளவு நேரம் சுற்றிவருவதைப் பற்றியே பேசினேன். நம் சிற்ப மரபில் பாதி, முன்னால் நின்று பார்ப்பதற்கானது என்று இங்கிருக்கும் மாணவர்கள் சொல்லக்கூடும். சரிதான். கருவறைத் திருமேனியை நாம் நேர் எதிரே நின்றுதான் பார்க்கிறோம். 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில், ஜானகிராமும் நந்தகோபாலும் உலோகத் தகட்டில் செய்த வேலைகள் அந்த நேர்பார்வையை விரும்பித் தழுவியவை. சுற்றிவர முடியாத சிற்பத்திலும் கால் வேலை செய்கிறது என்பது என் பதில். மாமல்லபுரத்து அருச்சுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னால் ஒரே இடத்தில் நின்றால் ஒன்றும் பிடிபடாது. யானையிடமிருந்து பிளவுக்கு, பிளவில் நெளியும் நாகர்களிடமிருந்து தவம் செய்யும் பூனைக்கு, அதன் காலடியில் எலிகளுக்கு, பின்னங்காலால் முகத்தைச் சொறியும் அந்த மானுக்கு என்று நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

அருச்சுனன் தபசுக்குச் சீட்டும் கிடையாது. தெருவிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேருந்துக்குக் காத்திருப்பவர், சுண்டல் விற்பவர் எல்லாரும் அதன் முன்னால்தான். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் தொல்லியல் துறை கட்டணம் வாங்குகிறது. ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாளிலும், நவம்பர் 19இல் பாரம்பரிய வாரம் தொடங்கும்போதும் அந்தக் கட்டணம் இல்லை. அந்த இரண்டு நாளிலும் கூட்டம் வருகிறது. வந்த கூட்டத்துக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? மாமல்லபுரத்தில் இன்றும் நூற்றுக்கணக்கான கல்தச்சர்கள் தெருவோரப் பட்டறைகளில் உளி ஓசையோடு வேலை செய்கிறார்கள். அரசு சிற்பக் கல்லூரி அங்கேயே இருக்கிறது. அந்தக் கல்தச்சர்களில் சிலர் அன்று ஐந்து ரதங்கள் பக்கம் வந்து, ஒரு துண்டுக் கல்லில் துளை போட்டு, ஆப்பு வைத்துப் பிளந்து காட்டினால் போதும். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். பிளந்த விளிம்பைப் பார்த்த குழந்தை அந்தப் பாறைகளில் இருக்கும் குழிகளைத் தானே கண்டுபிடித்துவிடும். பாதியில் விட்ட ரதத்தின் முன்னால் வெகுநேரம் நிற்கும்.

சிற்பக்கலை மாணவர்களே, இதை நான் உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறேன். அனுமதிக் கடிதத்தை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த நவம்பர் 19க்கு உளியோடு வரக்கூடியவர்கள், கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் நோட்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.